எண்பதில் தொடங்கும் நடுக்கம்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஓடும் வாகனங்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் ஓடும்வரை அவற்றில் எந்தக் குறையும் தெரியாது. பண்ணைப் பாலத்தைக் கடந்து, யாழ்ப்பாண நகரைவிட்டு வெளியேறி, ஆனையிறவையும் தாண்டி, ஏ-9 வீதியில் வேகமானியின் முள் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். தொண்ணூறில் அந்த நடுக்கம் கைவழியாகத் தோளுக்கு ஏறும். வேகத்தை அறுபதுக்குக் குறைத்தால், ஒன்றுமே நடவாதது போல வாகனம் அடங்கிவிடும்.

அதன் பிறகு குற்றஞ்சாட்டும் படலம் தொடங்கும். வீதி சரியில்லை என்பார் சாரதி. கடைசியாகப் போட்ட டயர் கூடாது என்பார் உரிமையாளர். வெளிநாட்டிலிருந்து வந்து பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் உறவினர், இந்த நாட்டு வாகனங்களே இப்படித்தான் என்று தீர்ப்பு வழங்கிவிடுவார். ஊர் திரும்பிக் கராஜில் விட்டால், மெக்கானிக் வேலணைச் சந்திவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில் ஒன்றும் இல்லையே" என்பார். அவரும் பொய் சொல்லவில்லை. அவர் ஓட்டிய வேகத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவனுக்கு இந்தக் காட்சி மிகவும் பழக்கமானது. ஒரு சம்பவம் நடந்த இடம் ஒன்று; அது வெளியே தெரியவந்த இடம் வேறொன்று; பழி விழுவதோ மூன்றாவது ஆள்மீது. வாகனத்தின் நடுக்கமும் அப்படிப்பட்ட ஒரு சம்பவமே. தீவின் குழிகளிலும் உப்புக்காற்றிலும் பிறக்கும் கோளாறு, நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் வவுனியாவுக்குப் பக்கத்தில் தன்னை வெளிப்படுத்துகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பாகம் பாகமாகக் கழற்றி மாற்றும் பழக்கம் நம்மவர்களிடம் வேரூன்றிவிட்டது. அது பணத்தை விழுங்குகிறது என்பது ஒருபுறமிருக்க, சில வேளைகளில் உயிரையும் கேட்கிறது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம்.

இந்தப் பிரச்சினை தீவுப்பகுதிக்குப் புதியது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களை ஆண்டவை மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும். தொடக்ககால மொரிஸ் மைனர் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொடுவதற்கே திணறும். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது பண்ணை வழியான போக்குவரத்து அறுந்தது. பொருளாதாரத் தடை எரிபொருளை எட்டாக்கனியாக்கியது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. வாகனம் நகர்ந்தாலே போதும் என்றிருந்த நாட்களில் சில்லின் சமநிலை பற்றி எவரும் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டிய வேகமும் அன்று இருக்கவில்லை.

2002இல் ஏ-9 திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின் படிப்படியாகத் திறக்கப்பட்டுப் பின்னர் முழுமையாகச் செப்பனிடப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் பழகிய மக்களின் முன்னால், நானூறு கிலோமீற்றர் நீளத்துக்கு வழவழப்பான கொழும்புப் பாதை விரிந்தது. இன்று நாட்டின் மிக நீண்ட தரைப்பயணங்கள் சில முடியும் இடம் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைதான். நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கக் கட்டுநாயக்காவிலிருந்து நேரே வான் பிடித்து வரும் புலம்பெயர் குடும்பங்களும், அதே தீவின் நாகவிகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகர்களும் அங்கேதான் வாகனத்தை விட்டுப் படகு ஏறுகிறார்கள். வேகம் வந்துவிட்டது. வேகத்துக்குரிய பராமரிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சில்லு என்பது ரிம்மும் டயரும் சேர்ந்தது. எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் அதன் எடை சுற்றிவரச் சீராக இருப்பதில்லை. ஒரு பக்கம் சில கிராம் கூடும், மறுபக்கம் குறையும். அதனால்தான் ரிம்மின் விளிம்பில் சிறிய ஈயத்துண்டுகளை அல்லது ஒட்டும் உலோகத் தகடுகளைப் பொருத்தி எடையைச் சமப்படுத்துகிறார்கள். வீல் பலன்சிங் என்பது இவ்வளவுதான்.

14 அங்குல ரிம் உள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு சில்லின் விளிம்பில் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 30 கிராம் சில்லை வெளிநோக்கி இழுக்கும் விசை ஒரு கிலோ எடைக்கும் குறைவு. 50 கிலோமீற்றரில் அது ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. 100 கிலோமீற்றரில் ஐந்து கிலோ. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது இதன் கணக்கு. அந்த வேகத்தில் சில்லு நொடிக்குப் பதினைந்து தடவை சுழல்கிறது. அதாவது, ஐந்து கிலோ சுத்தியல் ஒன்று நொடிக்குப் பதினைந்து தடவை சில்லை மேலும் கீழும் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இது ஒரு சில்லுக்கு மட்டும்.

அப்படியானால் நடுக்கம் ஏன் படிப்படியாகக் கூடாமல் எண்பதுக்குக் கிட்டத் திடீரென்று தலைகாட்டுகிறது? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது ஆடும் தாளத்தோடு சேர்த்துத் தள்ளினால் சிறு கையசைவே அதை உயரத் தூக்கிவிடும். சில்லும், அதைத் தாங்கும் பாகங்களும், ஸ்பிரிங்கும், டயரின் ரப்பரும் சேர்ந்து தமக்கென்று ஒரு தாளத்தை வைத்திருக்கின்றன. பெரும்பாலான கார்களில் அது நொடிக்குப் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்டது. மணிக்கு 80 கிலோமீற்றரில் சில்லு சுழல்வது நொடிக்குப் பன்னிரண்டு தடவை. இரண்டு தாளங்களும் பொருந்தும் இடத்தில் ஊஞ்சல் உயரப் போகிறது.

வேகத்தை 110க்குக் கூட்டினால் தாளம் தப்பி, நடுக்கம் குறைந்ததுபோலத் தோன்றும். "நடுங்கினால் அமத்திப் பிடியுங்கோ அண்ணை, நூறு தாண்டினால் போய்விடும்" என்று அனுபவசாலிகள் சிலர் சொல்லும் ஆலோசனைக்கு இதுவே அடிப்படை. இதைவிட ஆபத்தான ஆலோசனை வேறில்லை. கைக்குத் தெரியாவிட்டாலும் விசை கூடிக்கொண்டேதான் இருக்கிறது. பெயாரிங்கும் ஸ்டியரிங் மூட்டுகளும் டயரும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இலங்கையில் நகரங்களுக்கு வெளியே கார்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர் என்பதையும், 100 என்பது அதிவேகப் பாதைகளுக்கு மட்டுமே உரியது என்பதையும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால், நள்ளிரவில் ஏ-9இல் ஓடும் வான்கள் எந்த எண்ணில் ஓடுகின்றன என்பதை அதில் பயணித்த எல்லோரும் அறிவர்.

இனித் தீவுகளுக்கு வருவோம். சில்லின் சமநிலையைக் கெடுப்பதற்கு இந்த மண் நான்கு வழிகளை வைத்திருக்கிறது.

முதலாவது குழி. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் கடல்வழித் தாம்போதி பல ஆண்டுகள் குன்றும் குழியுமாகக் கிடந்தது. உள்வீதிகள் பலவற்றின் நிலையும் அதுதான். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்தால் ரிம்மின் உள்விளிம்பு ஓரிரு மில்லிமீற்றர் வளைந்துபோகலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, காற்றும் இறங்காது. அன்று மாலை வீட்டு வாசலில் நிற்கும் கார் நல்ல காராகவே நிற்கும்.

இரண்டாவது உப்பு. பண்ணையிலிருந்து புறப்பட்டால் இரு மருங்கும் கடல். தீவில் எந்த வீடும் கடலிலிருந்து அதிக தூரமில்லை. உப்புக்காற்று ரிம்மின் விளிம்பை அரிக்கும்போது, அதைக் கௌவிப் பிடித்திருக்கும் ஈயத்துண்டு ஒருநாள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். இன்னொரு பாதிப்பும் உண்டு. அதைக் கவனிப்பவர்கள் குறைவு. சில்லு வந்து பொருந்தும் அச்சுமுகத்தில் துருப் படையாக ஏறுகிறது. அந்தத் துருவைச் சுரண்டாமல் சில்லைப் பூட்டினால் அது நேராக உட்காராது. பலன்ஸ் செய்யும் இயந்திரத்தில் சுத்தமாகச் சுழன்ற அதே சில்லு, வாகனத்தில் பூட்டியதும் தள்ளாடும். "நேற்றுத்தானே பலன்ஸ் செய்தேன்" என்று வியப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துருவைத்தான். ஒரு கம்பித் தூரிகையும் ஐந்து நிமிடமும் போதும்.

மூன்றாவது சேறு. மாரிக்காலத்தில் வயலோரப் பாதையில் போய்வந்த வாகனத்தின் ரிம்முக்குள் சேறு ஒட்டிக்கொள்கிறது. வெயில் வந்ததும் அது கல்லாகக் காய்கிறது. ஒரு கைப்பிடிச் சேறு நூறு கிராமைத் தாண்டும். முப்பது கிராம் என்ன செய்யும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். வெளிப்புறத்தை மட்டும் கழுவி மினுக்கிவிட்டுக் கொழும்புக்குப் புறப்படுபவர்கள், சில்லின் உட்புறத்தைக் குனிந்து பார்ப்பதில்லை.

நான்காவது, நின்றுகிடத்தல். பூட்டிய வீடுகள் நிறைந்தது எமது தீவுப்பகுதி. உரிமையாளர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருப்பார். வாகனம் கொட்டகைக்குள் இருக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை, ஆனி மாதத்து நயினாதீவுத் திருவிழாவுக்கோ ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்கோ வரும்போது அதைத் தட்டியெழுப்புவார்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயரின் அடிப்பாகம் தட்டையாகிறது. சில கிலோமீற்றர் ஓடிச் சூடேறியதும் வட்டத்துக்குத் திரும்பினால் நல்லது. நெடுங்காலம் காற்றிறங்கி நின்ற டயர் திரும்புவதில்லை. 2022இல் எரிபொருளின்றி நாடே வரிசையில் நின்ற மாதங்களில் ஓடிக்கொண்டிருந்த வாகனங்களுக்கும் இந்தக் கதி நேர்ந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே மேலும் மேலும் முதுமையடைந்தன.

சரி, நடுக்கம் வந்துவிட்டது. என்ன செய்வது? பாகங்களைக் கழற்றுவதற்கு முன்னர் சாட்சியை விசாரிக்க வேண்டும். இங்கே சாட்சி சாரதிதான். எந்த வேகத்திலும் ஓட்டிப் பார்ப்பதற்குத் தீவில் பாதை இல்லாததால், தீவு மெக்கானிக் ஒருவரின் கையில் இருக்கக்கூடிய ஒரே ஆதாரம் ஓட்டியவரின் வாக்குமூலம். "நடுங்குது, பாருங்கோ" என்பது வாக்குமூலம் ஆகாது. நிருபர் ஒருவர் சம்பவ இடத்தில் கேட்கும் கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும்.

எந்த வேகத்தில்? எழுபதுக்கும் நூறுக்கும் இடையில் தோன்றி, வேகம் மாறினால் மறைவது பெரும்பாலும் சில்லின் சமநிலைக் குறைவு. இருபதிலும் முப்பதிலுமே வாகனம் தள்ளாடுகிறது என்றால் அது சமநிலைப் பிரச்சினை அல்ல. டயர் உருக்குலைந்திருக்கலாம், ரிம் மோசமாக வளைந்திருக்கலாம், அல்லது சில்லின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம்.

எங்கே? ஸ்டியரிங் நடுங்கினால் முன்சில்லுகளைச் சந்தேகிக்கலாம். ஸ்டியரிங் அமைதியாக இருக்க, இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சில்லுகளைப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யும்போது? பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிறேக் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கிறது. சில்லைக் குறைசொல்வதில் பயனில்லை. முடுக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால், இயந்திரத்தின் வலுவைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் தண்டுகளின் மூட்டுகளைப் பார்க்கலாம். பின்சில்லு இழுக்கும் வான்களில் நீண்ட தண்டு சில்லைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால், அதன் கோளாறு கையில் உதறலாக அன்றிக் காதில் முழக்கமாக வரும். வாகனத்தை நிறுத்தி வைத்துக்கொண்டே இயந்திரத்தை அதே சுற்றுக்கு முடுக்கினாலும் அதிர்கிறது என்றால் குற்றவாளி இயந்திரமோ அதைத் தாங்கும் ரப்பர்களோதான்.

எப்போதிருந்து? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. டயர் மாற்றிய பின்னரா, குழியில் விழுந்த பின்னரா, மழைப் பயணத்தின் பின்னரா, நீண்டகாலம் நின்று எழுந்த பின்னரா? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பதில்களைக் கேட்ட பின்னர் செலவில்லாத காரியத்திலிருந்து செலவுள்ள காரியத்துக்குப் போக வேண்டும். நம்மவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. காற்றழுத்தத்தைப் பார்க்காமல் ஷொக் அப்சோபரை மாற்றுகிறார்கள். முதலில் காற்று. அடுத்து ரிம்மின் உட்புறத்துச் சேறு. நட்டுகளின் இறுக்கம். டயரின் பக்கவாட்டிலும் மேற்பரப்பிலும் புடைப்பு உண்டா என்று கையால் தடவிப் பார்ப்பது. ஈயத்துண்டு விழுந்த தடயம் உண்டா என்று தேடுவது. இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது, இயந்திரம் எதுவும் இல்லாத நெடுந்தீவிலும் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை. ஜாக்கைப் போட்டு ஒரு பக்கத்துச் சில்லை உயர்த்துங்கள். ரிம்மின் விளிம்புக்கு அருகில் ஒரு குச்சியையோ சுண்ணக்கட்டியையோ அசையாமல் பிடித்துக்கொண்டு சில்லை மெதுவாகச் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது அச்சுமுகத்தில் துரு இருக்கிறது. பின்னர் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் அல்லது மூட்டு. இதில் எதுவும் சிக்காவிட்டால் முன்சில்லுகளைப் பின்னுக்கும் பின்சில்லுகளைப் முன்னுக்கும் மாற்றிப் பூட்டுங்கள். அடுத்த நெடும்பயணத்தில் நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றம் சில்லிலேயே இருக்கிறது என்பது நிரூபணம். இடம் மாறாவிட்டால் சில்லு நிரபராதி. ஒரு ஜாக்கும் ஒரு சாவியும் அரைமணி நேரமும் தரும் இந்த உண்மையை, ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் பாகம் மாற்றுபவர்கள் தவறவிடுகிறார்கள்.

பழைய மெக்கானிக்குகளிடம் இன்னொரு வித்தை இருந்தது. பின்சில்லு இழுக்கும் கார்களின் முன்சில்லை உயர்த்திச் சுயமாகச் சுழலவிட்டால், பாரமான பக்கம் தானாகவே கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் எடையைக் கட்டி, எந்த நிலையில் விட்டாலும் சில்லு அசையாமல் நிற்கும்வரை சரிசெய்வார்கள். நல்ல முறைதான், ஆனால் அது பாதி மருத்துவமே. எடை மேல் கீழாக ஒத்திருந்தும், ஒரு பாரம் ரிம்மின் உள்விளிம்பிலும் அதை ஈடுசெய்யும் பாரம் எதிர்ப்பக்கத்து வெளிவிளிம்பிலும் இருக்கலாம். நிற்கும் சில்லில் அது தெரியாது. வேகமாகச் சுழலும்போது சில்லு இடம் வலமாகத் தலையாட்டும். இதைக் கண்டுபிடிக்கச் சில்லைச் சுழற்றி இருபக்கமும் தனித்தனியாக அளக்கும் இயந்திரம் வேண்டும். அகன்ற டயர்களைக் கொண்ட இன்றைய வாகனங்களுக்கு அந்த இயந்திரம் தவிர்க்க முடியாதது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். வீல் அலைன்மென்ட் வேறு. வீல் பலன்சிங் வேறு. முன்னது சில்லுகள் எந்தத் திசையை நோக்கி, எந்தச் சரிவில் நிற்கின்றன என்பது. அது பிழைத்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரம் தேயும். நடுக்கம் வருவது அதனால் அல்ல. நடுங்கும் வாகனத்துக்கு அலைன்மென்ட் செய்து காசு கொடுத்துவிட்டு, நடுக்கம் போகவில்லை என்று புலம்புபவர்கள் வைத்தியரிடம் பல்வலிக்குக் கண்ணாடி வாங்கியவர்கள்.

இவ்வளவையும் செய்து, பலன்சும் முறையாகச் செய்த பிறகும் நடுக்கம் நீடித்தால், டயரையே சந்தேகிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் விடயம் பணத்தைத் தாண்டி உயிருக்கு வருகிறது. டயரின் உள்ளே உருக்குக் கம்பிப் பட்டைகள் ரப்பரோடு பிணைந்திருக்கின்றன. முதுமையாலோ, காற்றுக் குறைவாக ஓடிச் சூடேறியதாலோ, பாரம் மிஞ்சியதாலோ அந்தப் பிணைப்பு விடத் தொடங்கும். அப்போது மேற்பரப்பில் ஒரு இடம் மெல்லப் புடைக்கும். ஓட்டுபவருக்கு அது முதலில் தெரிவது நடுக்கமாகத்தான். சமநிலைக் குறைவால் வரும் நடுக்கம் மாதக்கணக்கில் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். டயர் பிரிவதால் வரும் நடுக்கம் ஒரே பயணத்திலேயே கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் கூடும்; குறைந்த வேகத்திலும் தலைகாட்டும். கூடிக்கொண்டே போகும் நடுக்கம் என்பது டயர் வெடிப்பதற்கு முன்னர் தரும் கடைசி அறிவித்தல். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பிறேக்கை அழுத்தாமல் வேகத்தைத் தணித்து, ஓரம் கட்டி, இறங்கிப் பார்ப்பது. "வவுனியா போய்ப் பார்ப்போம்" என்பதற்கு அங்கே இடமில்லை.

டயரின் வயதை அறிவதற்கு எவரையும் கேட்கத் தேவையில்லை. அதன் பக்கவாட்டில் ஒரு முட்டைவடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டுகள் கடந்ததைப் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்றும் பல டயர் நிறுவனங்களே கூறுகின்றன. கொட்டகையில் நிற்கும் காரின் டயரில் பூ அழியாமல் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். "டயர் அப்படியே புதுசு, ஓடவேயில்லை" என்பது பாராட்டு அல்ல.

தீவுக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு பதில் உண்டு. தீவு வாகனம் ஒன்றிடம் எப்போது வேகம் கேட்கப்படுகிறது? நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ கடல்வழியாகக் கொண்டுவரப்பட்ட நோயாளியைக் குறிகட்டுவானில் ஏற்றி, முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு விரையும்போது. பிரசவ வலியோடு ஒரு தாய் பின்னிருக்கையில் இருக்கும் இரவில்தான் அந்த வாகனம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக எண்பதைத் தொடுகிறது. அதன் சில்லில் என்ன குறை இருக்கிறது என்பதை அறிந்துகொள்வதற்கு உகந்த நேரம் அதுவல்ல.

அரசின் பங்கு என்ன? ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால் காப்புறுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள்; புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டியவையே. ஆனால் தனியார் கார் ஒன்றின் டயர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, பெயாரிங்கில் ஆட்டம் உண்டா என்று எவரும் பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகள் கடந்த காரை ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். டயரும் பிறேக்கும் ஸ்டியரிங்கும் அங்கே பார்க்கப்படும். ஜேர்மனியில் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. அந்த நாடுகளில் வாழும் எமது உறவுகள் இந்தச் சோதனைக்குத் தவறாமல் போகிறார்கள்; டயரின் பூ தேய்ந்தால் உடனே மாற்றுகிறார்கள். அவர்களே கட்டுநாயக்காவில் இறங்கியதும், முதலில் கிடைத்த வானில் பன்னிரண்டு பேரும் இருபது பெட்டிகளுமாக ஏறி, "கெதியாய் விடுங்கோ தம்பி, காலைப் பூசைக்கு நிற்க வேணும்" என்கிறார்கள். வாடகை எவ்வளவு, குளிரூட்டி வேலை செய்யுமா என்று கேட்பவர்கள், டயருக்கு எத்தனை வயது என்று ஒரு தடவையேனும் கேட்டதுண்டா?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்ச் சங்கங்கள் கோயில் மதிலுக்கும் வாசிகசாலைக்கும் பணம் அனுப்புகின்றன. வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ தொழில் தெரிந்த இளைஞர் ஒருவர் சில்லுச் சமநிலை இயந்திரம் ஒன்றை வைத்துத் தொழில் தொடங்க உதவுவதும் ஊருக்குச் செய்யும் தொண்டே. பழுதைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு நியாயமான கூலி கொடுக்கும் பழக்கமும் வேண்டும். பாகம் மாற்றினால் மட்டுமே காசு என்ற நிலையில், "ஒன்றும் மாற்றத் தேவையில்லை, சேற்றைக் கழுவினால் போதும்" என்று சொல்லும் நேர்மையான மெக்கானிக் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது. யோசித்துச் சொன்ன சொல்லுக்கு விலை கொடுக்காத சமூகம், யோசிக்காமல் மாற்றிய பாகங்களுக்கு விலை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சாரதிகளுக்கும் ஒரு சொல். குறிகட்டுவானில் பயணிகளைப் படகேற்றிவிட்டால், அவர்கள் அம்மனைத் தரிசித்து அன்னதானமும் முடித்துத் திரும்பச் சில மணிநேரம் ஆகும். அந்த நேரத்தில் இருக்கையைச் சாய்த்து ஓர் உறக்கம் போடுங்கள். இரவெல்லாம் ஓட்டிய உடலுக்கு அது அவசியம். ஆனால் உறங்குவதற்கு முன் பத்து நிமிடம் வாகனத்தைச் சுற்றிவாருங்கள். நான்கு டயரையும் கையால் தடவுங்கள். உட்புறத்தைக் குனிந்து பாருங்கள். நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

புதிய வாகனம் வாங்கினால் நாம் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். அர்ச்சனை செய்து, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி, திருஷ்டி கழித்த நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். அந்த நம்பிக்கையை நான் குறைசொல்லவில்லை. தேசிக்காய் வைப்பதற்காக எப்படியும் சில்லடியில் குனியத்தானே வேண்டும்? குனிந்தது குனிந்ததாக இருக்கட்டும். அந்த நான்கு இலக்கங்களையும் வாசித்துவிட்டே நிமிருங்கள்.